ஒரே இணைப்பு, நாலு கணினி: கேபிளா, வைஃபையா, வேறு வழியா?

"வீட்டில் இணைய இணைப்பு ஒன்றுதான். கணினியோ மூன்று நான்கு. ஒருவர் வீடியோ கூட்டத்தில் உட்கார்ந்தால் இன்னொருவருக்குப் பக்கமே திறக்க மாட்டேன் என்கிறது. என்ன வாங்கலாம்?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. கேட்கும்போதே ஒரு பதிலையும் கையில் வைத்திருப்பார்கள். மெஷ் (வீடு முழுக்க வைஃபை பரப்பும் பெட்டிகளின் தொகுப்பு) வாங்கிவிடலாமா, வேகம் கூடிய திட்டத்துக்கு மாறலாமா என்று. நான் பதிலுக்கு ஒரு தாளை நீட்டுவேன். அறைகளைக் கிறுக்கி, மோடம் எந்த மூலையில் இருக்கிறது, ஒவ்வொரு கணினியும் எங்கே இருக்கிறது, நடுவில் எத்தனை சுவர் என்று குறிக்கச் சொல்வேன். பலருக்கு அந்தத் தாளிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதி குழம்புவதற்குக் காரணம், இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடப்பது. வந்த இணைப்பைப் பங்கு போடுவது யார் என்பது ஒன்று. பங்கு போட்டதை அறை அறையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பெட்டியை வாங்கி வந்து இரண்டாவது தொல்லை தீரவில்லையே என்று நொந்துகொள்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

எது நகரும், எது நகராது என்று பிரியுங்கள். மேசைக் கணினி, டிவி, பிரிண்டர் எல்லாம் வைத்த இடத்தில் இருப்பவை. லேப்டாப்பும் போனும் ஆளோடு சுற்றுபவை. என் முடிவுகளில் முக்கால்வாசி இந்த ஒரு பிரிவினையை வைத்துத்தான்.

அடுத்தது நிதானம். வேகத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு வீடியோ கூட்டத்துக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) இருந்தாலே தாராளம். ஆனால் அந்த நான்கும் ஒவ்வொரு நொடியும் தடங்கலில்லாமல் வரவேண்டும். 200 எம்பிபிஎஸ் இணைப்பில் பத்து நொடிக்கு ஒருமுறை அரை நொடி அறுந்தால், எதிரில் இருப்பவருக்கு உங்கள் முகம் உறைந்துதான் தெரியும்.

உங்கள் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைக் கைமாற்றுமா என்பதையும் பாருங்கள். 50 ஜிபி வீடியோவை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப, 100 எம்பிபிஎஸ் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) பாதையில் ஏழெட்டு நிமிடம். இதற்கு இணையத் திட்டத்தின் வேகம் ஒரு பொருட்டே கிடையாது. வீட்டுக்குள் ஓடும் பாதைதான் கணக்கு.

அப்புறம் சுவரில் துளை போடலாமா, வாடகை வீடா, எத்தனை பிளக் பாயிண்ட் காலியாக இருக்கிறது, நீங்கள் வெளியூரில் இருக்கும்போது நெட் போனால் வீட்டில் இருப்பவர் எந்தப் பெட்டியை அணைத்துப் போடவேண்டும் என்ற விஷயங்கள். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பகுதி அதற்காகத்தான்.

எதையும் வாங்குமுன் ஒரு சோதனை. ஒரு லேப்டாப்பை மோடத்தோடு நேரடியாகக் கேபிளில் இணைத்து ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். பிறகு தொல்லை தரும் அறைக்குப் போய் அதே லேப்டாப்பில் வைஃபையில் ஓட்டுங்கள். முதல் எண்ணே குறைவு என்றால் இணைப்பிலோ மோடத்திலோ கோளாறு. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது விழுந்தால், திட்டத்தை உயர்த்திப் பயனில்லை. வீட்டுக்குள் பங்கீடுதான் சரியில்லை.

## பங்கு போடுவது யார்?

வீட்டு இணைப்புக்கு வழக்கமாக ஒரே ஒரு பொது ஐபி முகவரிதான் (இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் எண்) கிடைக்கும். பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலகத்தில் உள்ள எல்லாக் கருவிக்கும் அது போதாது என்பது தொண்ணூறுகளிலேயே தெரிந்துவிட்டதால், 1994இல் 'நாட்' என்ற முகவரி மாற்று முறையை எழுதி வைத்தார்கள். உள்ளே இருக்கும் கணினிகளுக்கு 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்களைக் கொடுத்துவிட்டு, யார் எதைக் கேட்டார்கள் என்று ஒரு பேரேட்டில் குறித்துக்கொண்டு, வெளியே எல்லாருக்கும் சேர்த்து ஒரே முகவரியில் பேசுவது. பதில் வந்ததும் பேரேட்டைப் பார்த்து உரியவரிடம் கொடுப்பது. இந்த வேலையை எந்தப் பெட்டி செய்யப்போகிறது என்பதுதான் கேள்வி.

### இணைப்பு கொடுத்தவர்கள் வைத்துப்போன பெட்டி

பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். இப்போது வருபவற்றில் மோடம், ரவுட்டர் (பங்கு போடும் பகுதி), வைஃபை, நாலைந்து லேன் போர்ட் (கேபிள் செருகும் துளை) எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. தனிச் செலவு இல்லை. கெட்டுப்போனால் அவர்களே பொறுப்பு.

மறைந்திருக்கும் குறை, போர்ட்களின் வேகம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் போர்ட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மலிவான பெட்டிகளில் சில போர்ட்கள், சிலவற்றில் எல்லாமே, 100 எம்பிபிஎஸ் வகை. நண்பர் ஒருவர் 100இலிருந்து 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினார். கேபிளில் சோதித்தால் 94. திரும்பத் திரும்பச் சோதித்தும் 94. நிறுவனத்தோடு ஒரு வாரம் சண்டை போட்டபின் என்னைக் கூப்பிட்டார். அந்த 94 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் தரவைத் துண்டு துண்டாகச் சுமக்கும் பொட்டலங்களின் உறைகளுக்கான இடம் போக மிஞ்சுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். கேபிளைப் பிடுங்கிப் பக்கத்திலிருந்த ஜிகாபிட் போர்ட்டில் செருகினோம். வேலை முடிந்தது.

இன்னொரு குறை, கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது பெரும்பாலும் வாசல் ஓரம். வைஃபையில் பாதி தெருவுக்குத்தான்.

### நீங்களே வாங்கி வைக்கும் ரவுட்டர்

வந்த பெட்டியின் அமைப்புகள் பூட்டிக்கிடந்தாலோ, கருவிகள் கூடக்கூட அது திணறினாலோ, சொந்த ரவுட்டர் நல்லது. விருந்தினர் வைஃபை, பிள்ளைகளின் கணினிக்கு நேரக் கட்டுப்பாடு, யாருக்கு முன்னுரிமை என்பதெல்லாம் உங்கள் கையில் வரும்.

ஆனால் பழைய பெட்டிக்குப் பின்னால் புதியதை அப்படியே செருகினால் இரண்டு பேரும் பங்கு போட ஆரம்பிப்பார்கள். இரட்டை நாட். இணையம் பார்க்கத் தடையிருக்காது. ஆன்லைன் விளையாட்டு, வெளியிலிருந்து வீட்டுக் கணினியை இயக்குவது, சில கேமராக்கள் ஆகியவை முரண்டு பிடிக்கும். பழைய ரவுட்டரில் தொங்கும் பிரிண்டர் புதிய ரவுட்டரில் இருக்கும் கணினிக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்: பழையதை பிரிட்ஜ் முறைக்கு மாற்றி வெறும் மோடமாக்குங்கள், அல்லது புதியதை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றி வெறும் வைஃபைப் பெட்டியாக்குங்கள். ஒரு வீட்டில் எண் கொடுக்கும் அதிகாரம் ஒரே பெட்டியிடம்தான் இருக்கவேண்டும்.

### ஒரு கணினியே வாசலாக

ரவுட்டர் அரிதாக இருந்த காலத்து வழி இது. 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இணைப்பைப் பகிரும் வசதி இருந்தது. ஒரு கணினியில் இரண்டு லேன் கார்டு. ஒன்று மோடத்துக்கு, இன்னொன்று மற்றவர்களுக்கு. இன்றைய விண்டோஸிலும் அந்த வசதி இருக்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட் என்ற பெயரில் எட்டுக் கருவிகள் வரை சேர்த்துக்கொள்ளலாம்.

நிரந்தர ஏற்பாடாக இதை நான் சொல்ல மாட்டேன். அந்தக் கணினி தூங்கினால் வீடே தூங்கும். அப்டேட் போட்டு மறுதொடக்கம் ஆனால் எல்லாரும் காத்திருக்கவேண்டும். மின் கணக்கையும் பாருங்கள். 10 வாட் இழுக்கும் ரவுட்டர் வருடம் முழுக்க ஓடினாலும் 88 யூனிட்தான். 60 வாட் இழுக்கும் மேசைக் கணினி அதே வேலைக்கு 525 யூனிட் தின்னும். "ரவுட்டர் செலவு மிச்சம்" என்பது முதல் வருடத்திலேயே காணாமல் போகலாம்.

பழைய கணினியில் ஓபிஎன்சென்ஸ் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு முழுநேர ரவுட்டராகவே மாற்றுபவர்கள் வேறு ரகம். அதில் கிடைக்கும் கட்டுப்பாடு எந்தக் கடைப் பெட்டியிலும் கிடைக்காது. அதைப் பராமரிப்பது உங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுத்தால் இணைப்பு மிச்சம் என்று பழைய வழிகாட்டிகளில் எழுதியிருக்கும். இன்று ஏறக்குறைய எல்லாத் தளமும் பூட்டிய உறையில் வருவதால் நடுவில் இருக்கும் கணினியால் அதைப் பிரித்துச் சேமிக்க முடியாது. அந்த நம்பிக்கையில் இறங்காதீர்கள்.

இந்த வழி உண்மையிலேயே கைகொடுக்கும் இடம், ஒரே ஒரு கருவிக்கு மட்டும் அனுமதி தரும் தற்காலிகத் தங்குமிடம். லேப்டாப்பில் நுழைந்துவிட்டு அதிலிருந்து மற்றதற்குப் பகிர்ந்துகொள்ளலாம்.

### போன் ஹாட்ஸ்பாட்

மாற்று ஏற்பாடாக வைத்திருங்கள். பேட்டரி சூடாகும், டேட்டா அளவு கரையும், போன்காரர் வெளியே கிளம்பினால் இணையமும் கிளம்பிவிடும். ஒரு கணினிக்கு மட்டும் என்றால் யூஎஸ்பி கேபிளில் கொடுங்கள். போனும் சார்ஜ் ஏறும்.

## அறை அறையாகக் கொண்டுபோவது எது?

### லேன் கேபிள்

நகராத கணினிக்கு இதுதான் என்று அடித்துச் சொல்வேன். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகத்தைக் கொண்டுபோகும். கேட் 6 சுமார் 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட் தாங்கும். எந்த வீட்டில் 55 மீட்டர் ஓடப்போகிறது? சுவருக்குள் புதைப்பதாக இருந்தால் கேட் 6 போடுங்கள், வெளியே ஓடுவதற்கு கேட் 5இ போதும். அதற்கு மேல் உள்ள எண்களுக்கு வீட்டில் வேலையில்லை.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய ரகம் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு முறை வளைத்தால் உள்ளே முறிகிறது, எங்கே முறிந்தது என்று வெளியே தெரியாது.

முனையில் பிளக்கை நீங்களே கிரிம்ப் செய்யப்போகிறீர்கள் (கருவியால் அழுத்திப் பொருத்தப்போகிறீர்கள்) என்றால் என் அனுபவம் உதவலாம். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகளின் நாலு கம்பி போதும். இதனால் ஒரு விபரீதம் உண்டு: நீலமோ பழுப்போ சரியாகத் தொடாவிட்டாலும் இணைப்பு வேலை செய்துகொண்டே இருக்கலாம், மெதுவாக. என் மேசைக் கணினி இப்படியே ஐந்தாறு மாதம் ஓடியிருக்கிறது. ஒருநாள் கோப்பு நகலெடுக்க நேரமாகிறதே என்று லேன் கார்டின் நிலையைத் திறந்து பார்த்தால் 100 என்று காட்டியது. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு கம்பிகள் முனைச் சுவரைத் தொட்டு நின்றன. பழுப்பு மட்டும் ஒரு மயிரிழை முன்பே நின்றிருந்தது. பிளக்கை வெட்டி எறிந்து வேறு போட்டதும் ஆயிரத்துக்குத் தாவியது. ஆகவே கேபிள் போட்ட அன்றைக்கே வேகம் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். போர்ட்டில் விளக்கு எரிவதை மட்டும் நம்பவேண்டாம்.

கணினிகள் அதிகமென்றால், ஒரு லேன் போர்ட்டைப் பலவாக்கும் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று போதும். ஐந்து போர்ட் சுவிட்ச்சில் ஒன்று ரவுட்டருக்குப் போய்விடும், உங்களுக்கு நாலு. அமைப்பு எதுவும் செய்யத் தேவையில்லை. ஒரே ஒரு விதி: ஒரே கேபிளின் இரண்டு முனையையும் அதே சுவிட்ச்சில் செருகக்கூடாது. உறவினர் வீட்டில் சின்னப் பையன் ஒருவன், கேபிள் முனை ஒன்று தரையில் கிடப்பதைப் பார்த்து, ஒழுங்காக இருக்கட்டும் என்று காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிட்டான். பொட்டலங்கள் அந்த வளையத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகி, எல்லா விளக்கும் வெறிபிடித்த மாதிரி மின்ன, வீடு முழுக்க நெட் போய்விட்டது. நல்ல பிள்ளை செய்த நல்ல காரியம்.

மறைமுகச் செலவு என்றால் உழைப்புதான். சுவர்த் துளை, மூலைத் திருப்பங்கள், மேலே ஓட்ட கேசிங். மின்கம்பியோடு ஒட்டி வெகுதூரம் ஓடவிடக் கூடாது. ஒரே குழாய்க்குள் இரண்டையும் இழுப்பது ஆபத்தும்கூட. துளை போட முடியாவிட்டால் கதவு இடுக்கில் தட்டைக் கேபிள் ஓட்டலாம். ஆனால் கதவு தினமும் அதை நசுக்கும். அது கொஞ்ச நாளைக்குத்தான்.

### ஒற்றை வைஃபை

லேப்டாப்புக்கும் போனுக்கும் வேறு வழியில்லை, தேவையுமில்லை. சிறிய வீட்டில், ரவுட்டரை நடுவில் உயரமாக வைக்க முடிந்தால், நாலு கணினியும் இதிலேயே ஓடும்.

புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. ஒரு வைஃபை சேனலில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கேபிளில் ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை. இங்கே எல்லாருக்கும் ஒரே அறை. தூரத்து அறையில் இருந்து முக்கி முனகிப் பேசும் பழைய லேப்டாப் ஒன்று இருந்தால், அது தன் பேச்சை முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கும் புதிய கணினியும் காத்திருக்கவேண்டும். நகராத கணினிகளைக் கேபிளுக்கு மாற்றினால் வைஃபையில் இருப்பவர்களுக்கும் வேகம் கூடுவது இதனால்தான்.

அலைவரிசையைப் பொறுத்தவரை, 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவர் தாண்டும். ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், கான்கிரீட் சுவர் ஒன்றிரண்டு வந்தால் களைத்துவிடும்.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணில் ஏமாறவேண்டாம். ஏசி1200 என்றால் 2.4இல் 300, 5இல் 867, இரண்டையும் கூட்டி மேலே முழுமையாக்கிய எண். உங்கள் கணினி ஒரு நேரத்தில் ஒன்றில்தான் சேரும். அந்த 867இலும் பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலோ கைக்கு வந்தால் நல்ல ரவுட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3, நீளமான கடவுச்சொல். எட்டு இலக்க எண் போட்டுச் சேரும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அந்த எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளிவந்துவிட்டது.

### ரிப்பீட்டர்

வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பிப் பரப்பும் பெட்டி. மலிவு, அஞ்சு நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிச் சொல்லும் ரகம் என்றால் வேகம் பாதியாகும். சிக்னல் செத்துப்போன அறையில் இதை வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. செத்ததை எப்படித் திருப்பிச் சொல்லும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில் வைக்கவேண்டும். எப்போதாவது மின்னஞ்சல் பார்க்கும் அறைக்குப் போதும், தினமும் வேலை செய்யும் அறைக்கு வேண்டாம்.

### மெஷ்

இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில் ஒரே வலையாக நிற்கும். நடந்துகொண்டே பேசினாலும் பெட்டி மாறுவது பெரும்பாலும் தெரியாது. பெரிய வீடு, இரண்டு மாடி, ஆட்கள் லேப்டாப்போடு அங்குமிங்கும் அலைவார்கள் என்றால் இது பொருந்தும்.

செலவு பெட்டிகளின் விலையோடு நிற்காது. ஒவ்வொன்றுக்கும் பிளக் பாயிண்ட் வேண்டும். பல நிறுவனங்கள் செயலியையும் கணக்கையும் கட்டாயமாக்குகின்றன. பெட்டிகளுக்கு இடையே போகும் பேச்சும் காற்றில்தான் என்றால் ரிப்பீட்டரின் வியாதி கொஞ்சம் இதிலும் உண்டு. அதற்கென்று தனி ரேடியோ வைத்த ரகம் பரவாயில்லை. பெட்டிகளுக்கு இடையே கேபிள் இழுக்க முடிந்தால் மெஷ் அற்புதமாக ஓடும். ஆனால் அந்தக் கேபிளை இழுத்தபின், சாதாரண ஆக்சஸ் பாயிண்ட்டே போதுமே என்ற கேள்வி எனக்கு வராமல் இருப்பதில்லை.

### மின்கம்பி வழியாக

பவர்லைன் அடாப்டர் ஜோடி: ஒன்று ரவுட்டர் பக்கத்துப் பிளக்கில், இன்னொன்று கணினி பக்கத்துப் பிளக்கில். வீட்டு ஒயரிங்கே லேன் கேபிளாகிவிடும். கேட்க மாயம் மாதிரி இருக்கும். நடப்பில் ஒயரிங்கின் வயது, இரண்டு பிளக்கும் ஒரே ஃபேஸில் இருக்கிறதா, பக்கத்தில் எந்த மோட்டார் ஓடுகிறது என்பதைப் பொறுத்துத் தலைகீழாக மாறும். பெட்டியில் 1000, 2000 என்று போட்டிருப்பார்கள்; அதன் அருகில்கூட வராது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ சர்ஜ் புரொடெக்டரிலோ செருகினால் சிக்னலை அது வடிகட்டிவிடும், நேராகச் சுவர்ப் பிளக்கில்தான் செருகவேண்டும். தடித்த சுவர், துளைக்கு அனுமதி இல்லை, வைஃபை எட்டவில்லை என்ற நிலையில் முயலலாம். திருப்பிக் கொடுக்க வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

டிவிக்காக வீட்டில் ஏற்கெனவே கோஆக்சியல் கேபிள் ஓடியிருந்தால் அதன் வழியே இணையத்தைக் கொண்டுபோகும் மோகா அடாப்டர் இதைவிட எவ்வளவோ மேல். டிஷ் ஆன்டெனா அதே கேபிளைப் பயன்படுத்தினால் வழக்கமாக இரண்டும் மோதும்.

| வழி | நிதானம் | மறைந்திருக்கும் செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|
| லேன் கேபிள் | மிக நன்று | துளை, உழைப்பு | நகராத கணினி, பெரிய கோப்புகள் |
| ஒற்றை வைஃபை | இடத்தைப் பொறுத்தது | பழைய கருவி எல்லாரையும் இழுக்கும் | சிறிய வீடு, லேப்டாப்கள் |
| ரிப்பீட்டர் | சுமார் | பாதி வேகம் | அபூர்வமாகப் புழங்கும் அறை |
| மெஷ் | நன்று | பிளக்குகள், செயலிக் கணக்கு | பெரிய வீடு, நடமாட்டம் |
| பவர்லைன் | கணிக்க முடியாது | ஒயரிங் ஒத்துவராமல் போகலாம் | துளை போட முடியாத தடித்த சுவர் |

## எந்தப் பெட்டியும் தானாகத் தீர்க்காத ஒன்று

கேபிள் இழுத்தாகிவிட்டது, ஜிகாபிட் காட்டுகிறது, ஸ்பீடு டெஸ்ட் பிரமாதம். ஆனாலும் மாலையில் யாராவது கூட்டத்தில் பேசினால் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. ஏன்?

பெரும்பாலும் ஏற்றம்தான் (அப்லோடு) காரணம். பல திட்டங்களில் இறக்க வேகத்தைவிட ஏற்ற வேகம் மிகக் குறைவு. ஒரு போன் நாள் முழுக்க எடுத்த படங்களை இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்கினால் அந்தக் குறுகிய பாதை நிரம்பிவிடும். ரவுட்டரும் மோடமும் மீதிப் பொட்டலங்களை வீசாமல் வரிசையில் நிற்கவைத்துக்கொண்டே போகும். உங்கள் குரலைச் சுமந்த சின்னஞ்சிறு பொட்டலம், முன்னால் நிற்கும் படங்களுக்குப் பின்னால் காத்துக்கிடக்கும். பஃபர்புளோட் என்பது இதன் பெயர்.

சோதிப்பது எளிது. ஒரு கணினியில் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கட்டளை) ஓடவிட்டுக்கொண்டு இன்னொன்றில் பெரிய கோப்பை ஏற்றுங்கள். சும்மா இருக்கும்போது 20 மில்லிநொடி காட்டியது ஏற்றத்தின்போது 300, 500 என்று எகிறினால் நோய் இதுதான். இதற்கு மெஷ் மருந்தாகாது.

ரவுட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஓடும் ரவுட்டர்களில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் உண்மை வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வரம்பு வைத்தால், வரிசை மோடத்தில் தேங்காமல் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வரும்; அது ஒவ்வொருவருக்கும் முறைவைத்து வழிவிடும். பத்து சதவீத வேகத்தை இழக்க மனம் வராது, தெரியும். இழந்து பாருங்கள், வீடே அமைதியாகிவிடும். இந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால், படம் ஏற்றும் செயலியில் வேக வரம்பு வையுங்கள் அல்லது இரவு ஏற்றச் சொல்லுங்கள்.

## யாருக்கு எது

இரண்டு அறை வீடு, எல்லாமே லேப்டாப்: வந்த பெட்டியே போதும். நீளமான கேபிளில் அதை வாசலோரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு நகர்த்துங்கள்; நிறுவனத்தின் கம்பியை நீங்களே இழுக்காமல் அவர்களைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். ஃபைபர் என்றால் கூர்மையாக மடித்தாலே போச்சு.

இரண்டு மூன்று மேசைக் கணினி, அதில் ஒன்றில் வீடியோ வேலை: கேபிளும் ஜிகாபிட் சுவிட்ச்சும். வைஃபையை லேப்டாப்புக்கு விட்டுவிடுங்கள்.

மாடி வீடு: மாடிக்கு ஒரே ஒரு கேபிள் ஏற்ற எப்படியாவது வழி பாருங்கள். மேல்முனையில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வைத்தால் கதை முடிந்தது. சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரையே அந்த முறைக்கு மாற்றியும் வைக்கலாம். கேபிளே ஏறாது என்றால் தனி ரேடியோ உள்ள மெஷ்.

வீட்டிலிருந்து வேலை, ஒரு நாள்கூட அறுபடக் கூடாது: மோடத்துக்கும் ரவுட்டருக்கும் சின்ன யூபிஎஸ், கூடவே போன் ஹாட்ஸ்பாட்டை ஒருமுறையாவது இணைத்துப் பார்த்து வையுங்கள். நெட் போன அன்றைக்குக் கடவுச்சொல் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வாடகை வீடு: சுவரைத் தொடாமல் தரையோரத்தில் ஒட்டு கிளிப் வைத்து முழு நீளக் கேபிள், பிளக் கடையிலேயே போட்டு வந்தது. காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம். என்னிடம் இருக்கும் 20 மீட்டர் சுருள் இதுவரை மூன்று வீடு பார்த்துவிட்டது.